குடிநோய்க்கு மருந்து உண்டு என்று ஆய்வுகள் சொல்கின்றன. டிஸ்சார்ஜ் சீட்டில் அது ஏன் ஏறுவதில்லை?

நிலவன் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். பொது மருத்துவப் பிரிவில் பணியாற்றும் இளநிலை மருத்துவன் நான். மனநல மருத்துவம் என் துறை அல்ல. ஆனாலும் எங்கள் வார்டில் படுத்திருப்பவர்களில் கணிசமானவர்களைக் கொண்டுவந்து சேர்த்தது குடிதான். கணைய அழற்சி, ஈரல் சுருக்கம், இரத்த வாந்தி, வலிப்பு என்று கேஸ் ஷீட்டில் எழுதும் பெயர்கள்தாம் வேறு வேறு.

அண்மையில் கணைய அழற்சியோடு வந்த ஒருவரை வீட்டுக்கு அனுப்பினோம். இதே வார்டில் ஏற்கெனவே இருந்துவிட்டுப் போனவர். அவருடைய டிஸ்சார்ஜ் சீட்டில் அமிலத்துக்கு ஒரு மாத்திரை, வலிக்கு ஒன்று, சத்து மாத்திரை ஒன்று. கீழே 'மது அருந்தக் கூடாது' என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தது. பழைய சீட்டை எடுத்துப் பார்த்தேன். அதிலும் அதே வாசகம், அதே இரண்டு கோடு. வலிக்கு மருந்து கொடுத்தோம். வலியைக் கொண்டுவந்த நோய்க்குக் கோடு போட்டோம். இது எனக்குத் தாங்கவில்லை.

நால்ட்ரெக்ஸோன் மருந்தைக் குடிநோய்க்குக் கொடுக்கலாம் என்று அமெரிக்காவில் ஒப்புதல் வந்தது 1994-இல். 2019-இல் அதே நாட்டில் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில், குடிநோய் உள்ளவர்களில் அதற்கான மருந்து பெற்றவர்கள் 1.6 விழுக்காடு மட்டுமே. ஒப்புதல் கொடுத்த நாட்டிலேயே நிலைமை இப்படி.

இரண்டு விஷயங்கள் தெரிய வேண்டும். பொது வார்டு மருத்துவர் எந்த மருந்தைத் துணிந்து தொடங்கலாம், ஈரல் கெட்டிருந்தால் என்ன செய்வது என்பது ஒன்று. மற்றது அதைவிடக் கடினம். 'இது மனநலத் துறையின் வேலை, அங்கே எழுதி அனுப்பு' என்கிறார்கள் மூத்தவர்கள். எழுதிக் கொடுத்த சீட்டோடு பலர் நேராக வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். ஒரு மருத்துவரின் ஆர்வத்தில் நடந்து, அவர் வேறு பிரிவுக்கு மாறியதும் நின்றுபோகாத நடைமுறையை எப்படிக் கொண்டுவருவது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

இரவுப்பணி எழுதுகிறார்:

தம்பி, நான் வார்டு பொறுப்புச் செவிலியர். மருந்தைப் பற்றி மருத்துவர்கள் சொல்லட்டும். இரண்டாவது கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது.

எங்கள் வார்டில் இந்தப் பேச்சே இரவு டியூட்டியில் பிறந்ததுதான். கால் எலும்பு முறிந்து ஒருவர் வந்து சேர்ந்தார். இரண்டு நாள் அமைதியாக இருந்தார். மூன்றாம் நாள் இரவு சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கத்தினார். ட்ரிப்ஸ் குழாயைப் பிடுங்கி எறிந்தார். முறிந்த காலோடு கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தார். சட்டையைப் பிழியலாம், அவ்வளவு வியர்வை. கையையும் காலையும் கட்டிப்போட்டு, 'மனநிலை சரியில்லை' என்று எழுதினார்கள். அவர் தினமும் குடிப்பவர் என்பது அவர் வீட்டில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எங்கள் சேர்க்கைத் தாளில் ஒவ்வாமைக்கு இடம் இருந்தது, செயற்கைப் பல் உண்டா என்று கேட்க இடம் இருந்தது, இதைக் கேட்க மட்டும் இடம் இல்லை.

தினமும் அதிகம் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்தில் நடுக்கம் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். நான் சொன்ன பிதற்றல் நிலை பெரும்பாலும் இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் வருகிறது. அதில் உயிரே போகலாம். முன்கூட்டியே தெரிந்தால் பெரும்பாலும் தடுத்துவிடலாம்.

குடிப்பழக்கத்தை அளக்க உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய ஆடிட் வினாத்தாளில் 10 கேள்விகள். அவற்றில் முதல் மூன்றை மட்டும் எடுத்தால் அதற்கு ஆடிட்-சி என்று பெயர். மொத்த மதிப்பெண் 12. ஆணுக்கு 4, பெண்ணுக்கு 3 வந்தால் கவனிக்க வேண்டும். இந்த மூன்று கேள்விகளையும் சேர்க்கைத் தாளில் ஒவ்வாமைக்குக் கீழே அச்சடித்தோம். மதிப்பெண் எல்லையைத் தாண்டினால் நடுக்கம், வியர்வை, பதற்றம் பார்க்கும் அட்டவணை கேஸ் ஷீட்டோடு இணைந்துவிடும். சில மணிக்கொரு முறை அதை நிரப்பியாக வேண்டும். குடிப்பவர்களிடம் குறைந்துபோகும் வைட்டமின் பி1, அதாவது தயாமின் ஊசியும் தாளிலேயே அச்சில் இருக்கிறது. வேண்டாம் என்றால் மருத்துவர் அடித்துவிட்டுக் காரணம் எழுத வேண்டும். நினைவு வைத்து எழுத வேண்டியதாக இருந்தவரை அந்த ஊசி பாதிப் பேருக்குப் போய்ச் சேரவில்லை. அடிப்பதற்குக் காரணம் எழுத வேண்டும் என்றானதும் போய்ச் சேர்ந்தது.

இதற்கு முன்னால் வகுப்பு எடுத்தார்கள். நல்ல வகுப்பு, குறை சொல்ல மாட்டேன். எல்லோரும் குறிப்பெடுத்தோம். மறுவாரம் வார்டில் ஒன்றும் மாறவில்லை, ஏனென்றால் காலை எட்டு மணிக்கு அது யார் கையில் வந்து விழும் வேலை என்று எவரும் சொல்லவில்லை. தாள் வந்த பிறகு அது சேர்க்கை எடுக்கும் செவிலியரின் வேலை ஆயிற்று. வாரக் கடைசியில் நிரம்பிய தாள் எத்தனை, வெறும் தாள் எத்தனை என்று எண்ணி டியூட்டி அறையில் ஒட்டுகிறோம். யார் பெயரும் போடுவதில்லை. மருத்துவர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள், தாள் மாறவில்லை.

கேட்கும் விதத்துக்கும் ஒரு வார்த்தை. மனைவி பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் 'எப்போதாவது' என்றுதான் பதில் வரும், மனைவி தரையைப் பார்ப்பார். அவர் வெளியே போகும் நேரம் பார்த்து, இரத்த அழுத்தப் பட்டையைக் கையில் சுற்றிக்கொண்டே கேளுங்கள். கண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாததைப் பட்டையைப் பார்த்துக்கொண்டு சொல்லிவிடுகிறார்கள்.

அகல் எழுதுகிறார்:

நிலவன், நான் குடி, போதை நோய்ச் சிகிச்சையில் இருக்கும் மனநல மருத்துவன். உங்கள் மூத்தவர்கள் எங்கள் துறைக்குத் தள்ளிவிடும் நோயாளிகளில் என் அறைவரை வந்து சேருபவர்கள் மிகச் சிலரே. வராதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இதற்கு நிபுணர் கட்டாயம் வேண்டும் என்ற நம்பிக்கையை நேராகச் சோதித்துப் பார்த்தார்கள். கம்பைன் என்ற ஆய்வு, 2006-இல் வெளியானது, 1,383 பேர். மருந்தோடு சாதாரண மருத்துவப் பின்தொடர்தல்: 16 வாரத்தில் 9 சந்திப்புகள். எப்படி இருக்கிறீர்கள், மாத்திரை போடுகிறீர்களா, எவ்வளவு குடித்தீர்கள், என்ன தொந்தரவு என்று கேட்டு ஊக்கப்படுத்துவது, அவ்வளவுதான். செவிலியரும் பொது மருத்துவரும் செய்யக்கூடிய வேலை. அந்தப் பின்தொடர்தலோடு நால்ட்ரெக்ஸோன் சேர்ந்தபோது பலன் தெரிந்தது. அதே ஆய்வில் குடிநோய்க்கான இன்னொரு மருந்தான அகாம்ப்ரோசேட் தனியாகப் பலன் காட்டவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் 118 ஆய்வுகளைத் தொகுத்து 2023-இல் வந்த மதிப்பாய்வைப் பாருங்கள். அகாம்ப்ரோசேட் 11 பேருக்குக் கொடுத்தால் கூடுதலாக ஒருவர் குடிக்குத் திரும்பாமல் இருக்கிறார். நால்ட்ரெக்ஸோனில் அந்த எண் 18. மிதமிஞ்சிக் குடிப்பதைத் தடுப்பதை மட்டும் கணக்கில் எடுத்தால் நால்ட்ரெக்ஸோனுக்கும் 11. மற்ற நாட்பட்ட நோய்களுக்கு நாம் தயங்காமல் எழுதும் பல மாத்திரைகள் இந்த எண்ணுக்குப் பக்கத்தில்கூட வருவதில்லை.

இப்போது உங்கள் நோயாளிக்கு வருகிறேன். சீட்டில் 'வலிக்கு ஒன்று' என்று எழுதியிருக்கிறீர்கள். அது டிரமடால் போன்ற ஓபியாய்டு (அபின் வகை) மருந்தாக இருந்தால் நால்ட்ரெக்ஸோனைத் தொடாதீர்கள். ஓபியாய்டு ஏற்பிகளை அடைத்துத்தான் அது வேலை செய்கிறது. வலி மருந்தும் வேலை செய்யாது, பழகிய மருந்து திடீரென நின்றால் வரும் கடுமையான விலகல் அறிகுறிகளும் கிளம்பும். ஓபியாய்டு நின்று 7 முதல் 10 நாள் ஆன பிறகு தொடங்கலாம். கணைய அழற்சி வார்டில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

ஈரல் பற்றிக் கேட்டீர்கள். கடுமையான ஈரல் அழற்சியிலும் ஈரல் செயலிழப்பிலும் நால்ட்ரெக்ஸோன் வேண்டாம். அகாம்ப்ரோசேட் ஈரலில் சிதைவதில்லை, சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது. அதனால் சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் பரிசோதனையைப் பாருங்கள்: சிறுநீரக வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 30 மி.லி.-க்குக் கீழே இருந்தால் கூடாது, 30 முதல் 50 வரை இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். ஈரல் சுருக்கம் முற்றியவர்களிடம் பாக்லோஃபென் என்ற மருந்தைச் சோதித்து 2007-இல் ஓர் ஆய்வு வந்தது. 84 பேர்தான். குடியை விட்டு நின்றவர்கள் பாக்லோஃபென் குழுவில் 71 விழுக்காடு, வெற்று மாத்திரைக் குழுவில் 29. சிறிய ஆய்வு என்றாலும் இந்த நோயாளிகளுக்கு வேறு வழி குறைவு. ஈரல் பாதிப்பால் மூளை மந்தப்பட்டிருப்பவருக்கு மட்டும் கொடுக்காதீர்கள், மயக்கத்தைக் கூட்டும்.

செவிலியர் அம்மா சொன்ன தயாமினோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: குடிநோயாளியின் குடல் அதைச் சரியாக உறிஞ்சாது, மாத்திரையை நம்பாமல் ஊசியாகவே கொடுங்கள். குளுக்கோஸ் ஏற்றும்போது அதற்கு முன்போ கூடவோ போக வேண்டும். தயாமின் குறைவால் மூளை பாதிக்கப்படும்போது வரும் கண் அசைவுக் கோளாறு, தள்ளாட்டம், குழப்பம் மூன்றும் சேர்ந்து தெரியும்வரை காத்திருந்தால் பலருக்குக் காலம் கடந்துவிடும். மூன்றும் ஒன்றாகத் தெரிவது சிலரிடம்தான்.

எழுதி அனுப்புவதை விட, வந்த இடத்திலேயே தொடங்குவது எவ்வளவு மேல் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிக வலுவான சான்று ஓபியாய்டு போதையில் இருக்கிறது. 2015-இல் வெளியான அமெரிக்க ஆய்வு. அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 329 பேர் மூன்று குழு. முகவரி எழுதிக் கொடுத்து அனுப்பியவர்களில் 30 நாள் கழித்துச் சிகிச்சையில் இருந்தவர்கள் 37 விழுக்காடு. உட்காரவைத்துப் பேசி ஊக்கம் கொடுத்து அனுப்பியவர்களில் 45. அந்தப் போதைக்கான மருந்தான பூப்ரெனார்பினை அங்கேயே தொடங்கியவர்களில் 78. உங்கள் மூத்தவர்களிடம் இந்த மூன்று எண்களையும் மட்டும் காட்டுங்கள். பிரான்ஸில் 1990-களின் நடுவில் பொது மருத்துவர்களே பூப்ரெனார்பின் எழுதலாம் என்று திறந்துவிட்டார்கள். 1995-க்கும் 1999-க்கும் இடையில் அங்கே மிகை அளவால் இறப்பது சுமார் 79 விழுக்காடு குறைந்தது. யார் எழுதலாம் என்ற விதி நாட்டுக்கு நாடு வேறுபடும், அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஓபியாய்டு நோயாளியைச் சில நாள் வைத்திருந்து உடலைச் 'சுத்தப்படுத்தி', தொடர் மருந்தே இல்லாமல் அனுப்புவதை மட்டும் தயவுசெய்து எவரும் செய்யாதீர்கள். அதற்குள் தாங்கும் சக்தி இறங்கியிருக்கும். வெளியே போய்ப் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடும். சிறையிலிருந்து வெளிவரும் முதல் இரண்டு வாரங்களில் இப்படி இறப்பவர்கள் மிக அதிகம் என்பது பல நாடுகளில் தெரிந்த செய்தி. மருத்துவமனை வாசலிலும் அதேதான் நடக்கிறது.

வானதி எழுதுகிறார்:

நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவள் அல்ல. என் கணவர் குடிநோயாளி. இங்கே எழுதலாமா என்று தயங்கித்தான் எழுதுகிறேன்.

அவருக்கு ஒரு மருத்துவமனையில் நால்ட்ரெக்ஸோன் கொடுத்தார்கள். குடி மிகவும் குறைந்தது. குழந்தையின் பள்ளிக்கூட விழாவுக்கு வந்து கடைசிவரை உட்கார்ந்திருந்தார். பிறகு ஒரு சாவு வீட்டுக்குப் போய்விட்டுக் குடித்து வந்தார். மறுமுறை போனபோது, 'குடித்துவிட்டீர்கள், இனி இந்த மருந்தால் பயனில்லை' என்று நிறுத்திவிட்டார்கள். அவர் வழியெல்லாம் பேசவில்லை. அதற்குப் பிறகு எந்த மருத்துவமனைக்கும் வர மறுக்கிறார்.

இப்போது உறவினர் ஒருவர், குடித்தால் வாந்தி வரவைக்கும் மாத்திரை இருக்கிறது, அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடு என்கிறார். பலர் கொடுக்கிறார்களாம். கொடுக்கலாமா?

அகல் எழுதுகிறார்:

சகோதரி, வேண்டாம். தயவுசெய்து வேண்டாம்.

அவர் சொல்வது டைசல்ஃபிராம். மது உடலில் சிதையும்போது அசிட்டால்டிஹைடு என்ற நச்சு உண்டாகிறது. வழக்கமாக அதை உடனே அகற்றும் நொதியை இந்த மாத்திரை முடக்கிவிடும். முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் சரியும். இதயம் பலவீனமானவர் இறந்தும் போகலாம். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம்வரை இந்த ஆபத்து இருக்கிறது. தனக்கு என்ன கொடுத்திருக்கிறார்கள் என்று தெரியாதவர், நடப்பது என்னவென்றும் தெரியாமல் மேலும் குடிப்பார்.

ஆய்வுகள் இதில் தெளிவாக ஒன்றைக் காட்டுகின்றன. யாருக்கு எந்த மாத்திரை என்று மறைத்து நடத்திய சோதனைகளில் டைசல்ஃபிராம் வெற்று மாத்திரையைவிட மேலாக இல்லை. தெரிந்து போட்டுக்கொண்ட சோதனைகளில் பலன் இருக்கிறது. 'இன்று மாத்திரை போட்டிருக்கிறேன், குடிக்க முடியாது' என்று அவருக்கே தெரிந்திருப்பதுதான் அந்த மருந்தின் வேலை. மறைத்துக் கொடுத்தால் ஆபத்து மட்டும் மிஞ்சும். அவருக்கு உங்கள் மேல் இருக்கும் நம்பிக்கையும் போகும், பிறகு அவர் சாப்பிடும் ஒவ்வொரு கவளத்திலும் சந்தேகம் இருக்கும். அவரே சம்மதித்து, இதயமும் ஈரலும் பரிசோதித்து, தினமும் உங்கள் கண் முன்னே போட்டுக்கொள்வதாக இருந்தால் அது நல்ல மருந்துதான்.

உங்கள் கணவரை அனுப்பிவிட்டார்கள் என்று படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. நால்ட்ரெக்ஸோன் குடித்துக்கொண்டிருப்பவருக்கும் கொடுக்கக்கூடிய மருந்து. குடியில் கிடைக்கும் கிளர்ச்சியைத் தணிப்பதுதான் அதன் வேலையே. இரத்த அழுத்தம் ஒருநாள் ஏறிவிட்டது என்பதற்காக யாரும் மாத்திரையை நிறுத்தி வீட்டுக்கு அனுப்புவதில்லை. அளவைப் பார்ப்பார்கள், விடுபட்டதா என்று கேட்பார்கள். இந்த நோயில் மட்டும், நோயின் அறிகுறி தெரிந்ததும் நோயாளியைத் தண்டிக்கிறார்கள். பள்ளி விழாவில் கடைசிவரை உட்கார்ந்திருந்தாரே, அந்த மருந்து அவருக்கு வேலை செய்திருக்கிறது. அவரிடம் இதை நான் எழுதியபடியே படித்துக் காட்டுங்கள். வேறு ஒரு மருத்துவரிடம் போங்கள். மனநல மருத்துவர்தான் வேண்டும் என்பதில்லை.

வானதி எழுதுகிறார்:

நன்றி ஐயா. படித்துக் காட்டினேன். பதில் சொல்லவில்லை. முன்பு போட்டுவந்த அந்த மாத்திரையின் பெயரை மட்டும் மறுபடி கேட்டார்.

நிலவன் எழுதுகிறார்:

ஐயா, அக்கா, இருவருக்கும் நன்றி. அந்த நோயாளிக்குக் கொடுத்தது டிரமடால்தான். சிறுநீரகம் நன்றாக இருக்கிறது. அடுத்த பரிசோதனைக்கு வரும்போது அகாம்ப்ரோசேட் பற்றி அவரிடம் பேசப்போகிறேன்.

துறைத் தலைவரிடம் பேசினேன். முழு மருத்துவமனைக்கும் என்றால் முடியாது, ஒரு வார்டில் செய்து காட்டு என்றார். சேர்க்கைத் தாளில் மூன்று கேள்விகள், தயாமின் அச்சில், டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு வரி: 'குடிநோய் மருந்து: தொடங்கப்பட்டது / நோயாளி விரும்பவில்லை / பொருந்தாது, காரணம்.' அந்த வரி காலியாக இருந்தால் சீட்டில் கையெழுத்துப் போடுவதில்லை என்று முதுநிலை மருத்துவர் ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அதுவே எனக்குப் பெரிய பலம்.

அக்கா, நோயாளிக்குப் புரியும்படி அந்த மூன்று கேள்விகளை நீங்கள் எப்படிக் கேட்கிறீர்கள்? வினாத்தாளில் 'ஆறு பானங்கள்' என்று இருப்பதைப் படித்தால் எங்கள் நோயாளிகள் விழிக்கிறார்கள்.

இரவுப்பணி எழுதுகிறார்:

தம்பி, நாங்கள் கேட்பது இப்படி.

'கடந்த ஒரு வருடத்தில் எவ்வளவு நாளைக்கு ஒருமுறை குடிப்பீர்கள்? மாதம் ஒருமுறையா, வாரத்தில் சில நாளா, தினமுமா?' குடிப்பீர்களா என்று தொடங்காதீர்கள், இல்லை என்று சொல்வது சுலபம்.

'குடிக்கும் நாளில் எவ்வளவு உள்ளே போகும்?' இங்கே பானக் கணக்கு வேண்டாம். என்ன மது, எந்த அளவுப் பாட்டில், அதில் பாதியா முழுதா என்று அவர் சொல்வதை அப்படியே எழுதுங்கள். கணக்கை நீங்கள் போடுங்கள். அந்த வினாத்தாளில் ஒரு பானம் என்பது சுமார் 10 கிராம் ஆல்கஹால். எந்தப் பாட்டில் எத்தனை பானம் என்று ஓர் அட்டை எழுதி டியூட்டி அறையில் தொங்கவிட்டிருக்கிறோம்.

'வழக்கத்தைவிட மிக அதிகமாகப் போய்விடும் நாள் எவ்வளவு அடிக்கடி வரும்?' ஆறு பானம் அவர் குடிக்கும் பாட்டிலில் எவ்வளவு என்பதை அட்டையில் பார்த்து, அந்த அளவைச் சொல்லிக் கேளுங்கள்.

பதில் வந்ததும் அறிவுரை சொல்ல வாய் துடிக்கும், புதிதாக வரும் செவிலியர்களிடம் இதைத்தான் முதலில் அடக்கச் சொல்கிறேன். நான்காவதாக ஒன்று எங்கள் தாளில் நாங்களே சேர்த்தது: 'கடைசியாக எப்போது குடித்தீர்கள்?' அந்த நாளையும் மணியையும் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதுங்கள். நடுக்கம் எப்போது தொடங்கும், எந்த இரவு கண் மூடாமல் பார்க்க வேண்டும் என்பதை இரவு டியூட்டிக்கு வருபவர் அதை வைத்துத்தான் கணக்கிட முடியும்.